நான் செத்துக் கிடந்த படம்

இலங்கைப் போரிலிருந்து தப்பி பாரிஸின் லா ஷப்பலுக்கு வந்து ஒன்பது மாதமாகியும் எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாலாம் மாடியில் ஒரு அறை, இரண்டு கட்டில், ஐந்து பேர். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் எந்த நேரமும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கீழே வாசலில் இருந்த தபால் பெட்டியை நாளுக்கு நாலு தரம் போய்த் திறந்து பார்ப்பேன். மத்தியானத்தில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் நடைதான். மெத்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடும் அந்த இரும்புப் பாலத்துக்குக் கீழே ஸ்தாலின்கிராத் வரைக்கும் நடப்பேன், திரும்பி பார்பெஸ் வரைக்கும் நடப்பேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

அறையில் மூத்தவர் மன்னாரிலிருந்து வந்தவர். நாற்பதை நெருங்கும் வயது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். விடிய முதல் எழும்பிப் போய் ஆபீஸ் கந்தோர்கள் கூட்டித் துடைத்துவிட்டு, பத்து மணிக்குத் திரும்பி வந்து படுப்பார். ஞாயிறில் பூசைக்குப் போவார். ஊரில் கடலுக்குப் போன குடும்பம் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மெத்ரோ வாசலுக்கு எதிரே இருந்த கஃபேக்கு வெளியே நாங்கள் நாலு பேர் நின்றோம். ஆம்பிளைகளின் நீளக் கோட்டுப் போட்ட ஒரு பிரெஞ்சுப் பெண் எங்களிடம் வந்து, உங்களில் யாருக்குப் பிரெஞ்சு தெரியும் என்று கேட்டாள். எனக்குத்தான் கொஞ்சம் தெரியும். தான் ஒரு விவரணப் படம் எடுப்பதாகச் சொன்னாள். நூற்றிருபது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து ஒரே நாட்டு ஆட்கள் ஒருவரையொருவர் கொன்ற போர். அந்தப் போருக்குப் பின்னாலே வண்டி கட்டிக்கொண்டு திரிந்த புகைப்படக்காரர்களைப் பற்றிய படம். இரண்டு நாளைக்கு நாலு பேர் வேண்டும்.

"என்ன சொல்லுறா?" என்று அண்ணை கேட்டார்.

"படத்திலை நடிக்க ஆக்கள் வேணுமாம். கறுப்பாய், மெலிவாய் இருக்கவேணுமாம்."

"அதுக்கு எங்களை விட்டால் ஆர் இருக்கினம்?" என்றான் எங்களோடு நின்ற ஒருவன்.

அண்ணை சிரிக்கவில்லை. "சாப்பாடு தருவினமோ எண்டு கேள்," என்றார். தருவார்கள் என்றாள். ஒப்புக்கொண்டோம்.

அமெரிக்காவின் போர்க்களம் எங்கள் அறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. தண்டவாளங்களுக்குப் பின்னால் கைவிட்டுக் கிடந்த பெரிய வளவு. இடுப்பளவுக்குப் புல் வளர்ந்திருந்தது. துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகளை வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் கல்லுகளைக் குவித்துப் பாறை மாதிரிச் செய்திருந்தார்கள். நாடகக் கம்பனி ஒன்றில் வாடகைக்கு எடுத்த நீலக் கம்பளிக் கோட்டுகளைத் தந்தார்கள். பூச்சி உருண்டை மணத்தது. சப்பாத்து என் காலைவிட இரண்டு அளவு பெரிது.

சினிமாக் கமராவோடு ஒரு பையன் நின்றான். ஆனால் எல்லோருடைய கண்ணும் இன்னொருவர் மேலேதான். ஐம்பது வயதிருக்கும். அந்தக் காலத்து முறையிலேயே இன்றைக்கும் படம் எடுக்கிறவர் என்று இயக்குனரான அந்தப் பெண் அவரைத் தேடிப் பிடித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கரிப்பிடித்த மாதிரிக் கறுப்பு. கைவண்டி ஒன்றில் கறுப்புத் துணிக் கூடாரம் கட்டியிருந்தார். கண்ணாடித் தகட்டில் தேன் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றி, நாலு மூலைக்கும் சரித்து ஓடவிட்டு, கூடாரத்துக்குள் கொண்டுபோய் இன்னொரு தொட்டியில் தோய்ப்பார். அது காய்வதற்குள் பெரிய மரப்பெட்டிக் கமராவில் செருகிப் படம் எடுத்து, மறுபடியும் கூடாரத்துக்கு ஓடவேண்டும். கிட்டப் போனால் ஆஸ்பத்திரி மணம் அடிக்கும்.

முதல் நாள் நாங்கள் பிணம் புதைக்கும் கூலிகள். அந்தப் போரில் அழுகிய உடல்களை அள்ளிப் புதைக்கிற வேலையைக் கறுப்பினத்தவரிடம்தான் கொடுத்தார்கள் என்று இயக்குனர் சொன்னாள். அதற்கும் படம் இருக்கிறதாம். மண்வெட்டியோடு நாலு பேரும் வரிசையில் நின்றோம். படக்காரர் மூடியைக் கழற்றிவிட்டு இருபது வரைக்கும் சத்தமாக எண்ணினார். எண்ணி முடியும்வரை அசையக் கூடாது.

ஈரத் தகட்டைக் கொண்டுவந்து காட்டினார். மற்ற மூன்று பேரும் கல்லில் செதுக்கின மாதிரி நின்றார்கள். என்னுடைய கோட்டும் சப்பாத்தும் இருந்தன. கழுத்துக்கு மேலே புகை.

"இவருக்குத் தலையில்லையே," என்றார் படக்காரர்.

மறுபடியும் எடுத்தார். மறுபடியும் புகை. நான் அசையவில்லை என்றே நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் தரம் எனக்கு இரண்டு மூக்கு வந்தது. அவர் கோபிக்கவில்லை.

"சண்டையை அவர்கள் எடுக்கவேயில்லை, தெரியுமா?" என்றார். "எடுக்க முடியாது. ஓடுகிறவன் தகட்டில் விழமாட்டான். அதனால் சண்டை முடிந்த பிறகுதான் போனார்கள்."

இயக்குனர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கறுப்பினச் சிப்பாய்களும் அந்தப் போரில் செத்தார்கள், அவர்களைப் படத்தில் காண்பது அரிது என்றாள். பிறகு, "இவரைக் கிடத்துவோம்," என்றாள்.

அடுத்த நாள் நான் பிணம். சேறு முதுகில் குளிர்ந்தது. கோட்டில் பூச மண்ணிறச் சாயம் கொண்டுவந்தார்கள். சிவப்பானாலும் மண்ணிறமானாலும் அந்தக் கண்ணாடியில் கறுப்பாகத்தான் விழுமாம். அரைக்கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் ரயில்கள் போயின. ஆச்சரியம் என்னவென்றால், என்னால் அசையாமல் கிடக்க முடிந்தது. அந்த ஒன்பது மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைய காட்சியை இயக்குனர் எங்களுக்கு விளக்கினாள். அந்தப் போரின் புகைப்படக்காரர்கள் ஒரு செத்த பொடியனை ஓரிடத்தில் படம் எடுத்துவிட்டு, பிறகு தூக்கிக்கொண்டுபோய் பாறைகளுக்கிடையில் கிடத்தி, பக்கத்தில் ஒரு துவக்கையும் (துப்பாக்கியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சாத்தி, வேறொரு ஆள் மாதிரி இன்னொரு படம் எடுத்திருக்கிறார்கள். பல வருடத்துக்குப் பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரோ அதைக் கண்டுபிடித்தார்களாம். அதைத்தான் அவள் நடித்துக் காட்ட விரும்பினாள். இரண்டு பிரெஞ்சு மாணவர்கள் புகைப்படக்காரர்களாக உடுத்திருந்தார்கள். அகலத் தொப்பி போட்ட அண்ணை அவர்களுடைய உதவியாள்.

மாணவர்கள் என்னைத் தூக்கினார்கள். ஒருவன் என் தலை கல்லில் பட்டுவிடக் கூடாதென்று உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான்.

"இப்பிடியில்லை," என்று அண்ணையின் குரல் கேட்டது.

சினிமாக் கமரா ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை வந்து மாணவனின் கையை என் தலையிலிருந்து எடுத்துவிட்டார். "செத்தவன்ரை தலையை ஆர் தாங்கிறது? அது தொங்கும். கையும் தொங்கும். கக்கத்துக்குள்ளை கையைக் குடுத்துத் தூக்கவேணும். பாரம் கூட. ஒராளாலை ஏலாது." சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கினார். என் தலை பின்னால் விழுந்தது. அவர் மூச்சு வாங்கிய விதத்திலேயே தெரிந்தது. இது அவருக்குப் பழகின வேலை.

இயக்குனர் தலையை ஆட்டினாள். அவர் சொன்னபடியே செய்யுங்கள் என்றாள். கல்லுகளுக்கு நடுவில் என்னைக் கிடத்தினார்கள். பிறகு மாணவன் ஒருவன் மரத்தால் செய்த நீளத் துவக்கைக் கொண்டுவந்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அண்ணை அதை எடுத்தார்.

மாணவன் சிரித்துக்கொண்டு திரும்ப வாங்கி வைத்தான். அண்ணை மறுபடியும் எடுத்தார்.

"துவக்கு வைக்காதையுங்கோ எண்டு சொல்லு," என்றார் என்னிடம்.

நான் கிடந்தபடியே பிரெஞ்சில் சொன்னேன். "அவர்கள் அப்படித்தான் செய்தார்கள், அதைத்தானே காட்டுகிறோம்," என்றாள் இயக்குனர். அதையும் கிடந்தபடியே தமிழில் சொன்னேன்.

"அப்ப அவங்கள் வைக்கட்டும். நான் நிக்கிற இடத்திலை வேண்டாம்." அண்ணையின் குரல் ஏறியது. "என்ரை தம்பி வலை இழுக்கப் போன இடத்திலை ஆமிக்காரர் சுட்டவங்கள். நான்தான் தூக்கினனான். அடுத்த நாள் பேப்பரிலை படம் வந்தது. பக்கத்திலை துவக்கு. அவன் பிறந்த நாள் தொட்டுத் துவக்கைத் தொட்டதில்லை. பக்கத்திலை வலையெல்லோ கிடந்தது. அந்த வலையை ஆர் எடுத்தது? கேள், அவவிட்டைக் கேள்."

வலைக்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்கு அப்போது வரவில்லை. எழும்பி உட்கார்ந்தேன். கையால் வலை வீசிக் காட்டினேன், மீன் காட்டினேன். மாணவன் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னான். இயக்குனர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணை துவக்கைத் தூக்கிக் கல்லில் எறிந்தார். அதன் பிடி இரண்டாகப் பிளந்தது. அவர் கோட்டைக் கழற்றி வைக்கோலில் போட்டுவிட்டு, வளவின் வாசலில் இருந்த இரும்புப் படலையடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சிகரெட் பற்றவைத்தார்.

"எனக்குத் தகடு காய்கிறது," என்றார் படக்காரர். சொல்வதற்கே கூச்சப்பட்டார். ஆனால் உண்மை அதுதான். இன்னும் இரண்டு நிமிடம் போனால் அது வெறும் கண்ணாடி.

இயக்குனர் படலைப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒன்றே ஒன்று. உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள். மாணவன் இன்னொரு துவக்கை எடுத்து வந்தான். நான் படுத்தேன். இருபது எண்ணும்வரை அசையவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் படக்காரர் எங்களுக்காகப் பிரதிகளைக் கஃபேக்குக் கொண்டுவந்து தந்தார். மற்றவர்களுக்கு மண்வெட்டிப் படம். எனக்குத் தனியாக ஒரு உறை. அதை நான் அண்ணைக்குக் காட்டவில்லை.

அவ்வளவு வடிவான படத்தை என் வாழ்நாளில் யாரும் எடுத்ததில்லை. தலைமயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த புல் தெரிந்தது. தோல் இருந்ததைவிடக் கறுப்பாக, மினுமினுப்பாக விழுந்திருந்தது. துவக்கு கையோடு கையாகக் கிடந்தது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கோப்பை கழுவுகிற இடத்தில் யாரும் இல்லாத நேரம் எடுத்துப் பார்ப்பேன். பிரான்சுக்கு வந்து நான் செய்த வேலைகளில் வீட்டுக்குச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். கோப்பை கழுவுகிறேன் என்று எழுதியதில்லை. படத்தில் நடித்தேன் என்று எழுதலாம்.

எழுதினேன். அம்மாவுக்கு. இது நடிப்பு, பயப்படவேண்டாம், டி.வி.யில் வரும் என்று இரண்டு பக்கம் எழுதி, படத்தையும் உள்ளே வைத்து அத்தானின் விலாசத்துக்கு அனுப்பினேன். ஆறு கிழமை பதில் இல்லை. அந்த நாட்களில் கடிதம் போய்ச் சேர்வதே பெரிய காரியம். நான் கீழே பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஒரு நாள் பதினொரு மணியளவில் வேலைக்குப் புறப்படும்போது தந்தி வந்தது. அண்ணையின் பேருக்கு; பெட்டியில் அவர் பேர்தான் இருந்ததால் ஊருக்கு அந்த விலாசத்தைத்தான் கொடுத்திருந்தேன். அவர் வேலையால் வந்து படுத்திருந்தார். எழுப்பிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது.

"வாசி," என்றார்.

வாசித்தேன். மகனின் பிணத்தின் படம் கிடைத்தது, தாய் சாப்பிடுவதில்லை, தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், எங்கே புதைத்தீர்கள் என்று இருந்தது. கீழே அத்தானின் பேர்.

"ஆர் செத்தது?" என்று அண்ணை பதறி எழும்பினார்.

"நான்," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் படலையடியில் நின்றபோது நான் திரும்பவும் படுத்தது, உறையை மறைத்தது, வீட்டுக்கு அனுப்பியது. அவர் கட்டில் விளிம்பில் இருந்து கேட்டார்.

"துவக்கோடையோ?"

"ஓம் அண்ணை."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். சேர்ட்டைப் போட்டார். "வா," என்றார்.

தபால் கந்தோருக்குப் போய்ப் பதில் தந்தி அடித்தோம். மகன் உயிரோடிருக்கிறான், வெள்ளிக்கிழமை பின்னேரம் தாயை யாழ்ப்பாண டவுனுக்குக் கூட்டி வாருங்கள் என்று. அத்தானின் சிநேகிதர் ஒருவருடைய கடையில் டெலிபோன் இருந்தது. அதன் இலக்கம் என்னிடம் இருந்தது. இடையில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் அறையில் இருக்கவில்லை. வேலைக்குப் போனேன், நடந்தேன். ரெஸ்ரோரண்டில் ஒரே நாளில் மூன்று கோப்பை உடைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தபால் கந்தோரின் டெலிபோன் பெட்டிக்குள் அண்ணையும் நானும் நெருக்கிக்கொண்டு நின்றோம். இரண்டு தரம் லைன் விழவில்லை. மூன்றாம் தரம் கடலடியிலிருந்து வருவது போல அத்தானின் குரல் வந்தது.

"டேய், நீ தானோ? உண்மையாய் நீ தானோ? உனக்கு விசரோ? படத்தை அடுப்பிலை போட்டிட்டம். ஆமி செக்கிங்கிலை அது அம்பிட்டிருந்தால் எங்கள் எல்லாரையும் கொண்டுபோயிருப்பாங்கள். இந்தா, மாமியிட்டைக் குடுக்கிறன்."

"அம்மா," என்றேன்.

பேச்சு போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. பிறகு, "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டா.

"நான்தான் அம்மா. உங்கட மகன்."

"என்ரை பிள்ளையின்ரை குரல் எனக்குத் தெரியும். இது அவனில்லை. நீங்கள் பொடியள் எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்திறியள். கடிதத்தையும் நீங்கள்தான் அவன்ரை எழுத்து மாதிரி எழுதியிருப்பியள். நான் படத்தைக் கண்ணாலை பாத்தனான் தம்பி. கண்ணாலை பாத்தனான்."

நான் அழுதேன். அழ அழக் குரல் இன்னும் மாறியது. பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னேன். அதெல்லாம் பாஸ்போட்டிலும் இருக்கும் என்றா அம்மா. அண்ணை என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். நான் காதை அதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"அம்மா, நான் மன்னார் ஆள். உங்கட மகனோடை ஒரே அறையிலை இருக்கிறன். தந்தி எனக்குத்தான் வந்தது. என்ரை தம்பி செத்த நேரம் எங்கட அம்மாவுக்கு நான்தான் போய்ச் சொன்னனான். மறைக்கேல்லை. உங்கட மகன் செத்திருந்தால் உங்களுக்கும் சொல்லியிருப்பன். இந்த விசயத்திலை நான் பொய் சொல்லமாட்டன் அம்மா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்தா பக்கத்திலை நிக்கிறான். நிக்கிறான் எண்டு சொல்லேலாது. காலை மாத்தி மாத்தி வைக்கிறான், வயரைப் பிடிச்சு முறுக்கிறான், கண்ணாடியிலை தாளம் போடுறான். இவனோடை ஒரு அறையிலை மனிசர் இருக்கேலாது அம்மா."

அப்போதுதான் அம்மா அழத் தொடங்கினா. "அவன்தான்," என்றா அத்தானிடம். "அவன்தான். அவன் நிக்கமாட்டான்." லைன் அறுந்தது. மறுபடியும் எடுக்க முடியவில்லை. அது போதும் என்றார் அண்ணை.

வெளியே வந்து பாலத்துக்குக் கீழே நடந்தோம். சனம் நிறைய. ஒரு இடத்தில் நான் அவர் கையைப் பிடித்து, "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"உன்ரை அம்மாவிட்டைக் கேள்."

"நான் படத்தை அனுப்பினதுக்குக் கேக்கேல்லை."

அவர் நின்றார். "தெரியும்," என்றார். "நான் படலையடியிலை நிக்கேக்கை நீ எழும்பி வந்திருக்கலாம்."

தகடு காய்ந்துவிடும் என்றார்கள், நான் படுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்த மாரியில் எனக்கு அகதி அட்டை, எங்கள் பேச்சில் கார்த், கிடைத்தது. அதற்குச் சற்று முன்பே அண்ணை பாரிஸுக்கு வெளியே திரான்சிப் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக்கு மாறிப் போயிருந்தார். கோபத்தில் போனார் என்று சொல்ல முடியாது. அங்கே கட்டில் இருந்தது. சனிக்கிழமைகளில் சாமான் வாங்க லா ஷப்பலுக்கு வருவார். நானும் அந்த நேரம் பார்த்துக் கடையடியில் போய் நிற்பேன். என்ன, சுகமோ என்பார். ஓம் என்பேன். அதற்கு மேல் பேச்சு வளராது.

வெண்டிக்காய், முருங்கைக்காய் விற்ற அந்தக் கடை ஒரு பாண்டிச்சேரிக்காரருடையது. பேச்சுக்காரர். வசந்தம் பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணை வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்:

"போன ஞாயித்துக்கிழமை தெலேவுல ஒரு படம் போட்டான், பாத்தீங்களா? ஏதோ அமெரிக்கா சண்டை, அந்தக் காலத்து ஃபோட்டோ எடுக்கிறவங்க கதை. அதுல உங்க ஆளு ஒருத்தரு வராருங்க. யாழ்ப்பாணத் தமிழ்லயே பேசுறாரு! கீழ பிரெஞ்சுல எழுத்து ஓடுது. என்னமா கோவம்! அந்தத் துப்பாக்கியத் தூக்கிக் கல்லுல அடிச்சாரு பாருங்க, எங்க வீட்டம்மா அழுதுட்டாங்க."

பேசியவர் எதிரிலேயே நிற்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. படத்தில் தொப்பி போட்டிருந்தார் அண்ணை.

"அவர் கதைச்சது முழுக்க வந்ததோ?" என்று அண்ணை கேட்டார்.

"தம்பிய சுட்டாங்க, வலைய யாரு எடுத்தான்னு கேட்டாரே, எல்லாம் வந்துச்சு."

"அதுக்குப் பிறகு என்ன காட்டினவை? செத்த ஆளின்ரை படம் காட்டினவையோ?"

"அப்புறம் ஃபோன் வந்துடுச்சு. பாக்கல."

அண்ணை தலையாட்டினார். வெண்டிக்காயை நிறுக்கக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தனியோ?"

"இல்லை அண்ணை. வேலை."

"நானும் வேலை," என்றார். சாமான் பைகள் மூன்று இருந்தன. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். திரான்சிக்குப் போகும் பஸ் எடுக்கிற இடம்வரைக்கும் சேர்ந்து நடந்தோம். வழியில் அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவன் நல்லாய்ப் பாடுவானாம்.